வெள்ளியங்கிரி பெயரில் வந்த ரிப்போர்ட்

1993 ஜூன் 23, புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு எங்கள் வீட்டு முன்கூடமான ஆசாரத்தில் இருந்தவர்கள் இவர்கள்: நான், என் மனைவி சுப்பாத்தாள், காலமான என் தம்பி ஈஸ்வரமூர்த்தியின் மனைவி கீதா (வழக்கம்போல் சமையலறைக் கதவுக்குப் பின்னால்), கிணத்துக்கடவு கடைவீதியில் டிஸ்பென்சரி வைத்திருக்கும் டாக்டர் சென்னகேசவன், அவரிடம் வேலை பார்க்கும் நர்ஸ் ஃபெமினா, வாசலில் எங்கள் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் வெள்ளியங்கிரி. உள்ளறைக் கட்டிலில் தம்பி மகள் லோகப்பிரியா படுத்திருந்தாள். வேறு யாரும் இல்லை. தாங்களும் அங்கே இருந்ததாகப் பின்னால் சொல்லிக்கொண்ட பங்காளிகள் இருவரும் அன்று பொள்ளாச்சிக்குப் போயிருந்தார்கள்.

லோகப்பிரியாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. தம்பி இறந்தபோது அவளுக்கு ஆறு. அன்றிலிருந்து அவளுக்கு நல்லது கெட்டது பார்த்தவன் நான். காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கும் நல்ல குடும்பத்தில் இடம் பார்த்து, வைகாசி நடுவில் உப்புச்சர்க்கரை மாற்றிச் சம்பந்தத்தை உறுதி செய்துகொண்டோம். ஆவணி பத்தாம் தேதி முகூர்த்தம். மாப்பிள்ளை பெயர் கிருபாசங்கர். உப்புச்சர்க்கரை மாற்றிய ஒரே வாரத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது.

உறுதி செய்த வாரத்தில் பெண் படுத்தால் ஊர் என்ன பேசும் என்று எனக்குத் தெரியும். எங்கள் பெரிய அத்தை மகளுக்கு அப்படித்தான் ஒரு சம்பந்தம் நின்றுபோனது. சாதாரண மஞ்சள் காமாலை. ஆனால் 'சீக்குக்காரி' என்று பெயர் வந்தது. பிறகு அவளை இரண்டாம் தாரமாகத்தான் கொடுக்க முடிந்தது. அது நடந்து முப்பது வருடம் ஆகியும் அந்தப் பேச்சு எங்கள் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆகவே லோகப்பிரியாவின் காய்ச்சல் வீட்டுச் சுவரைத் தாண்டக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன்.

சென்னகேசவன் நம்பிக்கையான மனிதர். டைபாய்டு என்றார். குளோரம்பெனிகால் கொடுத்தார். இருபத்தைந்து வருடமாக எங்கள் பக்கத்து டைபாய்டை எல்லாம் அவர் அந்த மருந்தில்தான் குணப்படுத்தினார். இந்த முறை எட்டு நாள் கொடுத்தும் காய்ச்சல் நூற்று மூன்றுக்குக் கீழே இறங்கவில்லை.

"இந்தக் காய்ச்சல் பழைய மருந்துக்குக் கேக்க மாட்டீங்குதுங்க," என்றார். "ரத்தத்தைக் கோயமுத்தூர் லேப்புல குடுத்து, கிருமிய வளத்திப் பாக்கோணும். எந்த மருந்துக்கு அது சாகுதுன்னு அவங்க எழுதித் தந்துருவாங்க. பேசாம ஆஸ்பத்திரில சேத்திட்டா இன்னும் நல்லதுங்க."

"ஆஸ்பத்திரி பேச்சு வேண்டாம். ரத்தத்தை எடுங்க. நானே கொண்டு போறேன்."

ரத்தப் பாட்டிலை மேல்துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு நானே காரில் போனேன். காந்திபுரத்துக்கு அருகில் டாக்டர் அப்துல் நாசரின் லேப். உள்ளே நுழைந்ததும் பார்த்தேன், பெஞ்சில் மாப்பிள்ளை வீட்டுக் கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். சர்க்கரை பார்க்க வந்திருந்தாராம்.

"வாங்க, வாங்க. யாருக்குங்க ஒடம்பு சரியில்லை?" என்று எழுந்து நின்றார்.

"தோட்டத்து ஆளுக்கு. நாலு நாளாக் காய்ச்சல்னு பொலம்பிட்டுக் கெடந்தான்."

"ஆளுக்காக நீங்களே வந்தீங்களா! உங்க மனசு யாருக்குங்க வரும்."

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படிவத்தை நிரப்பினேன். பெயர்: வெள்ளியங்கிரி. வயது: 42. ஆண். அனுப்பிய டாக்டர் பெயர் என்ற இடத்தில் எதுவும் எழுதவில்லை.

நான்காம் நாள் ரிப்போர்ட்டை வாங்கப் போனேன். அப்துல் நாசர் மெலிந்த மனிதர், நாற்பது வயதிருக்கும். தாளைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்கத் தயங்கினார்.

"எந்த டாக்டர் பாக்கறாருங்க? இதை அவர்கிட்டத்தான் குடுக்கோணும்."

"என்கிட்டக் குடுங்க. நான் குடுத்துக்கறேன்."

"தப்பா நெனைக்காதீங்க. இதுல போட்டிருக்கிற குறியை அப்படியே எடுத்துக்கக் கூடாதுங்க. இங்க கிருமி வளத்தற தட்டுல நடக்கறது வேற, ஆளுக்குள்ள..."

"எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும்," என்றேன். "பதினோரு வருசம் பஞ்சாயத்து பிரசிடெண்டா இருந்தவன் நான்."

அவர் தாளை மேசையில் வைத்தார். பிறகு பேனாவை எடுத்து, தாளின் அடியில், 'பார்க்கும் மருத்துவர் என்னோடு பேசவும்' என்று எழுதி, டெலிபோன் நம்பரும் போட்டுக் கொடுத்தார்.

இனி அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன்.

தாளை ஆசாரத்து மேசையில் விரித்து வைத்தேன். மேலே கிருமியின் பெயர். டைபாய்டுக் கிருமிதான். அதன் கீழே ஆறு மருந்துகளின் பெயர். முதல் மூன்றுக்கு எதிரே R என்று இருந்தது; அந்த மருந்துகளுக்குக் கிருமி அடங்காது என்று அர்த்தம். குளோரம்பெனிகால் அந்த மூன்றில் ஒன்று. அடுத்த மூன்றுக்கும் பிளஸ் குறி; அவற்றுக்குக் கிருமி சாகும் என்று அர்த்தம். ஜென்டாமைசினுக்கு மூன்று பிளஸ். செபலெக்சினுக்கு ஒரு பிளஸ். சிப்ரோஃப்ளாக்சசினுக்கு இரண்டு.

சென்னகேசவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். இந்த மாதிரித் தாள் அவரிடம் அதிகம் வந்ததில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

வாசலிலிருந்து வெள்ளியங்கிரி குரல் கொடுத்தான். "ஏனுங்க, என்ற பேருல காயிதம் வந்திருக்குதாமா? எனக்கு என்ன சீக்குன்னு போட்டிருக்குதுங்க?"

"டைபாய்டுடா," என்றாள் சுப்பாத்தாள்.

"அப்ப நாளைக்கு லீவுங்களா?"

"நீ ஓரமாப் போய் மாட்டைப் பாரு."

சென்னகேசவன் விரலைக் கடைசி வரியில் வைத்தார். "இந்தப் புது மாத்திரையைக் குடுத்துப் பாக்கலாமுங்க. சிப்ரோஃப்ளாக்சசின். இப்பக் கோயமுத்தூர்ல டைபாய்டுக்கு எல்லாரும் இதைத்தான் குடுக்கறாங்கன்னு சொல்றாங்க."

"அதுக்கு ரெண்டு பிளஸ்தானே இருக்கு? ஜென்டாமைசினுக்கு மூணு இருக்குதே."

"ஆமாங்க. இருக்குதுங்க."

"மூணு பெருசா, ரெண்டு பெருசா?"

எனக்கு ஜென்டாமைசின் புதிய பெயர் இல்லை. முந்தின வருடம் எங்கள் காங்கேயம் காளைக்குக் கால் புண் சீழ் பிடித்து, மாட்டு டாக்டர் கைவிட்ட பிறகு, அந்த ஊசிதான் அதை எழுப்பி நிற்க வைத்தது. கிணத்துக்கடவு மருந்துக் கடையில் வெள்ளியங்கிரி போய்க் கேட்டால் மாட்டுக்கு என்று நினைத்துக் கொடுப்பார்கள். சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரையைக் கேட்டால், வீட்டில் யாருக்கு டைபாய்டு என்று கடைக்காரர் கேட்பார். அவர் மாப்பிள்ளையின் சின்ன மாமனுக்கு மைத்துனர். இதையெல்லாம் நான் மனதுக்குள் எடை போட்டேன். மாத்திரையைக் கோயமுத்தூரிலேயே வாங்கியிருக்கலாமே என்று இப்போது யாரும் கேட்கலாம். வாங்கியிருக்கலாம். ஆனால் அப்போது எனக்கு மூன்று பிளஸ் மட்டும்தான் கண்ணில் பட்டது.

"டைபாய்டுக்கு இந்த ஊசி போட்டு நான் பாத்ததில்லீங்க," என்றாள் நர்ஸ் ஃபெமினா. அவள் அதைச் சென்னகேசவனிடம்தான் சொன்னாள்.

"ரெண்டையும் சேத்துக் குடுக்கலாங்களா?" என்று அவர் என்னைக் கேட்டார். டாக்டர் என்னைக் கேட்டார். அப்போது அது எனக்குத் தவறாகப் படவில்லை.

"ஒண்ணு சரியில்லைன்னா மட்டும்தான் இன்னொண்ணு வேணும். லேப்புல சரியின்னு மூணு தடவை போட்டிருக்கானே."

"அடியில போன் பண்ணச் சொல்லி எழுதியிருக்குதுங்க. ஒரு வார்த்தை பேசிப் பாத்துட்டா..."

"யாருக்கு வைத்தியம்னு கேட்டா என்ன சொல்லுவீங்க? வெள்ளியங்கிரிக்குன்னா? பொய்யை வெச்சு யோசனை கேட்டா பொய்யாத்தான் யோசனை வரும். உண்மையச் சொன்னா நாளைக்குக் காங்கேயத்துல தெரியும். போன் வேண்டாம்."

கதவுக்குப் பின்னாலிருந்து கீதா பேசினாள். எங்கள் குடும்பத்தில் தம்பி மனைவி மூத்தாரிடம் நேரில் பேசும் வழக்கமில்லை. இருபத்தொரு வருடத்தில் அவள் என்னிடம் ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதை வேறு யாரிடமாவது, எனக்குக் கேட்கும்படி சொல்வாள். "ஏனுங்க சிஸ்டர், ஆஸ்பத்திரில சேத்தினா ஒரு வாரத்துல எந்திரிச்சுக்குவாளாங்க?"

ஃபெமினா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்று மதியமே முதல் ஊசி போடப்பட்டது. நாளுக்கு மூன்று வேளை. இரண்டாம் நாள் காய்ச்சல் நூறுக்கு இறங்கியது. எனக்கு உள்ளூர ஒரு பெருமிதம் வந்தது, மறைக்கவில்லை. "பாத்தீங்களா?" என்று சென்னகேசவனிடம் கேட்டேன். அவர் பாராசிட்டமால் கொடுத்த நேரத்தையும் காய்ச்சல் இறங்கிய நேரத்தையும் சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் குறித்து வைத்திருந்தார். அதை என்னிடம் காட்டினார். நான் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் மீண்டும் நூற்று மூன்று.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் முகூர்த்தப் புடவைக்கு நிறம் கேட்க வருவதாக முன்பே பேச்சு. தள்ளிப் போடலாம் என்று சுப்பாத்தாள் சொன்னாள். தள்ளினால் காரணம் சொல்ல வேண்டும். "கால் மணி நேரம்தான்," என்றேன்.

கட்டிலருகே போய் லோகப்பிரியாவிடம் கேட்டேன். அவள் கண்ணைத் திறந்தாள். உதடு வெடித்திருந்தது.

"உக்காந்துக்கறனுங்க பெரியப்பா. நீங்க வெசனப்படாதீங்க."

சுப்பாத்தாளும் ஃபெமினாவும் அவளைத் துடைத்து, பவுடர் பூசி, பூ வைத்து, ஆசாரத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். விழுந்துவிடக் கூடாது என்று நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டோம். கீதா கதவுக்குப் பின்னால் நின்றாள்.

சம்பந்தியம்மாள் கலகலப்பானவர். வந்ததும் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன அம்மணி, இப்படி எளைச்சுப் போயிட்டே? எங்க ஊட்டுக்கு வா, எண்ணெயும் வெல்லமுமாக் குடுத்து உருட்டியெடுத்தறேன்."

"இப்பத்தப் புள்ளைங்க எங்கீங்க சாப்பிடுது," என்றாள் சுப்பாத்தாள். "கல்யாணப் போட்டோவுல குண்டாத் தெரியுமாம். பட்டினி கெடக்குதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். லோகப்பிரியாவும் சிரித்தாள். கிருபாசங்கர் மட்டும் சிரிக்கவில்லை. கிளம்பும்போது என் பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில் கேட்டார். "மாமா, அவங்களுக்கு ஒடம்பு சரியில்லீங்களா? கையெல்லாம் நடுங்குதுங்களே."

"காலைல தோட்டத்துல வெயில்ல சுத்திட்டு வந்துட்டா. வேற ஒண்ணுமில்லீங்க மாப்பிள்ளை," என்றேன்.

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. மரியாதையான பிள்ளை; மேலே கேட்கவில்லை. கார் கேட்டைத் தாண்டியதும் லோகப்பிரியா நாற்காலியிலிருந்து சரிந்தாள். புடவையின் நிறத்தை அவள் சொல்லியிருந்தாள். அரக்கு.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு வயிற்று வலி என்று கத்தினாள். அதுவரை அவள் ஒரு முறைகூடக் கத்தியதில்லை. ஃபெமினா வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். பலகை மாதிரி இருக்கிறது என்றாள். நான் சென்னகேசவனுக்கு ஆள் அனுப்பச் சொன்னேன். அப்போது கீதா கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து என் எதிரே நின்றாள்.

"மாமா," என்றாள். "காரை எடுங்க."

நான் காரை எடுத்தேன்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் எங்கள் பக்கத்து ஆட்கள் இரண்டு மூன்று பேர் வராந்தாவில் நின்றிருந்தார்கள். அறுவை சிகிச்சை டாக்டர் விமலாராணி வேகமாக வந்தார். குடல் ஓட்டையாகியிருக்கிறது, உடனே திறக்க வேண்டும் என்றார். எத்தனை நாளாகக் காய்ச்சல், என்ன மருந்து, ரத்தப் பரிசோதனை ஏதாவது செய்தீர்களா என்று கேட்டார்.

அந்த ஆட்கள் பக்கத்தில் நின்றார்கள். "பரிசோதனை எதுவும் செய்யலீங்க," என்றேன்.

இதை எழுதக் கை வரவில்லை. ஆனால் நான் சொன்னது அதுதான்.

கீதா இடுப்பிலிருந்து மடித்த தாளை எடுத்து டாக்டரிடம் நீட்டினாள். மேசையிலிருந்து அதை எப்போது எடுத்து வைத்தாள் என்று எனக்குத் தெரியாது. "இது என்ற புள்ளையோடதுங்க. பேரு மட்டும் வேற," என்றாள்.

விமலாராணி அதை நின்றபடியே படித்தார். "சிப்ரோஃப்ளாக்சசின் எத்தனை நாள் குடுத்தீங்க?"

"அது குடுக்கலீங்க. ஜென்டாமைசின் ஆறு நாள் போட்டோம். அதுக்கு மூணு பிளஸ் இருந்துச்சுங்க."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

"ஐயா, ஒவ்வொரு மருந்துக்கும் அளவு வேற. ஒண்ணோட பிளஸ்ஸை இன்னொண்ணோட பிளஸ்கூட வெச்சுப் பாக்கக் கூடாது. அது ஒண்ணு. ரெண்டாவது, டைபாய்டுக் கிருமி நம்ம உடம்புச் செல்லுக்குள்ள புகுந்து உக்காந்திருக்கும். ஜென்டாமைசின் செல்லுக்குள்ள போகாது. தட்டுல கிருமி வெளிய கெடக்குது, அதனால சாகுது. உடம்புல சாகாது. நீங்க ஆறு நாளாக் குடுத்தது அந்தப் பொண்ணுக்கு மருந்தே இல்லை."

"அப்புறம் எதுக்குங்க அதைத் தாளுல எழுதறாங்க?"

"எல்லாக் கிருமிக்கும் ஒரே அச்சடிச்ச தாள். அதைப் படிச்சுச் சொல்லத்தான் நாங்க இருக்கோம். போன் பண்ணச் சொல்லி அவரே எழுதியிருக்காரே. யாரும் பண்ணலையா?"

அவர் தாளை நர்ஸிடம் கொடுத்து, சிப்ரோஃப்ளாக்சசின் டிரிப் ஏற்றச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மூன்று மணி நேரம் அறுவை நடந்தது. இரண்டு இடத்தில் ஓட்டை. வயிறு முழுவதும் சீழ் பரவியிருந்தது. அதற்குப் பிறகு இரண்டு நாள் இருந்தாள். அதில் ஒரு முறை நினைவு தெளிந்து, தண்ணீர் கேட்டாள். கொடுக்கக் கூடாது என்றார்கள். கூடவே வந்திருந்த ஃபெமினா பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தாள். ஜூலை ஒன்றாம் தேதி, வியாழக்கிழமை மதியம் இரண்டே காலுக்கு இறந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். என்னை அவள் எதுவும் கேட்கவில்லை.

சடலத்தை எடுப்பதற்குக் கிருபாசங்கர் வந்திருந்தார். எல்லாம் முடிந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "எங்க அக்காளுக்கும் போன வருசம் இதே காய்ச்சல் வந்துச்சுங்க மாமா. பதினாலு நாள் ஆஸ்பத்திரில வெச்சிருந்தோம். எங்க அம்மாதான் கூட இருந்துச்சு. எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமுங்க."

அவர் குற்றம் சாட்டவில்லை. நான் எதற்குப் பயந்து எல்லாம் செய்தேனோ, அது அங்கே இருக்கவே இல்லை என்று மட்டும் எனக்குத் தெரிந்தது. எங்கள் வீட்டின் மானத்தை நான் யாரிடமிருந்து காத்தேன் என்று அதன் பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன். கீதா ஆடி பிறப்பதற்கு முன்பே அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. சென்னகேசவன் டிஸ்பென்சரியை ஒரு மாதம் திறக்கவில்லை. திறந்த பிறகும் நோயாளிகளின் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை என்கிறார்கள். நான் அவரிடம் போய், உங்கள் மேல் தவறில்லை என்று சொன்னேன். "டாக்டர் நானுங்க," என்றார்.

ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. அதைக் கிளப்பியவர்கள் எங்கள் பங்காளிகள்தான்; எங்கள் வீட்டுக்கு நல்லது செய்வதாக நினைத்துக் கிளப்பினார்கள். காந்திபுரத்து லேப்காரர் ஆள் மாற்றி ரிப்போர்ட் கொடுத்துவிட்டார், பெண்ணுடைய ரத்தத்துக்கு வேறு யாரோ ஆணுடைய முடிவை எழுதிவிட்டார், அதை நம்பி ஊசி போட்டதால்தான் பெண் இறந்தாள் என்று சொன்னார்கள். கிணத்துக்கடவு, பொள்ளாச்சிப் பக்கத்து டாக்டர்கள் சிலர் அப்துல் நாசரிடம் ரத்தம் அனுப்புவதையே நிறுத்திவிட்டதாகக் கேள்விப்பட்டேன். என் முகத்துக்கு நேரே இதைச் சொல்லி ஆறுதல் கூறியவர்களும் உண்டு. ஆறு மாதம் நான் மறுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தப் பேச்சு பொய். லேப்பில் ரத்தம் மாறவில்லை, ரிப்போர்ட் மாறவில்லை. ஆணின் பெயரை எழுதியது நான். பிளஸ்களை எண்ணி மருந்தை முடிவு செய்ததும் நான். டாக்டர் அப்துல் நாசர் கொடுத்த தாளில் எந்தத் தவறும் இல்லை.